பன்னிரண்டாம் மாதத்துக் கட்டம்

அத்தியாயம் 11

புதன்கிழமை காலை எட்டரை மணிக்குள் பெனடிக்ட் நாலு தடவை குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். உள்ளே வேலை ஒன்றும் இல்லை. விளாங்குடியில் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் மூன்று அறை, ஒரு ஹால், மாடியில் தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தும், ஓர் ஆள் தொந்தரவில்லாமல் நின்று பயப்படுவதற்கு அந்த இடம்தான் தோதாக இருந்தது.

வெளியிலிருந்து விக்டோரியா கேட்டாள். "ஒரு வாய் சாப்பிடல. பெறகு எதுக்குங்க இத்தனை தடவ?"

"முகம் கழுவுறேன் டீச்சர்."

கல்யாணமான நாளிலிருந்து மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். மிஷன் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்தவள் அவள். அதே பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் இவர்.

இரண்டு வருஷத்துக்கு முன் சிறுநீரகக் கல்லைத் தேடப்போன ஸ்கேன், கல்லை விட்டுவிட்டு வேறொன்றைக் கண்டுபிடித்தது. வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி இறங்குகிற பெரிய ரத்தக்குழாய், சுரைக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. வெடித்தால் ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதே கஷ்டம் என்றார்கள். வயிற்றைக் கிழிக்காமல், தொடையிடுக்கு வழியாகத் துணி போர்த்திய கம்பிக்குழாய் ஒன்றை உள்ளே அனுப்பி, வீங்கின இடத்துக்குள் புதுப் பாதை போட்டார்கள். நாலாம் நாள் பெனடிக்ட் தானே நடந்து வீட்டுக்கு வந்தார். மறு ஞாயிறு பூசையில் விக்டோரியா நன்றி அறிவிப்புக் கொடுத்தாள். அடுத்த வருஷம் மகன் ஜூடு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான். இப்போது ஒரு மாத விடுப்பில் வந்திருக்கிறான்.

அவ்வளவும் பழைய கதை. புதுக் கதை, சனிக்கிழமை விமானம். இந்த முறை மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம். தாள் போன வாரமே வந்து மேஜையில் கிடக்கிறது. ஜூடு கையெழுத்துப் போடாமல் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தான்.

"இந்தத் தடவ ஸ்கேனுக்கு நானும் கூட வாரேன்ப்பா. டாக்டர் வாயால கேட்டுட்டுத்தான் கையெழுத்து."

பெனடிக்ட் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டதற்குக் காரணம் இந்த ஒரு வாக்கியம்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு பச்சை அட்டை கொடுத்திருந்தார்கள். முதல் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், அப்புறம் ஆயுசுக்கும் வருஷம் ஒரு தடவை ஸ்கேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். வீக்கத்தின் அளவு, கசிவு உண்டா இல்லையா, கையெழுத்து. முதல் மாதம் 5.8 சென்டிமீட்டர். ஆறாம் மாதம் 5.5. பன்னிரண்டாம் மாதம் 5.2, கசிவு இல்லை.

முதல் இரண்டும் ஆஸ்பத்திரி எழுதியது. மூன்றாவதை எழுதியவர் பெனடிக்ட்.

கெட்ட எண்ணம் கிடையாது. பழக்கம். பள்ளிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருவதற்கு முதல் நாள் மாலை, காலியாக இருக்கிற கட்டங்களையெல்லாம் நிரப்புவது எழுத்தர் வேலை. தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதி, தீயணைப்பு வாளியில் மணல் மாற்றிய தேதி. வாளியில் மணல் என்னவோ இருக்கத்தான் செய்தது, தேதிதான் இல்லை. தேதி போட்டால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது? ஒரே மையில் எழுதினால் தெரிந்துவிடும் என்று மூன்று பேனா வைத்திருந்தார். ஒரு இன்ஸ்பெக்டரும் வாளிக்குள் கையை விட்டுப் பார்த்ததில்லை. நன்றாகப் பராமரிக்கப்பட்ட பதிவேடு என்று அவருக்குப் பாராட்டுக்கூட வந்திருக்கிறது.

போன வருஷம் அந்த ஸ்கேனுக்கு அவர் கிளம்பாமல் இல்லை. தனியாகவே போய்க்கொள்கிறேன் என்று பஸ் ஏறி, வெறும் வயிற்றோடு பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனார். அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. அதில் இருந்த ஆளுக்கும் இவருக்கும் ஒரே வயது, ஒரே வழுக்கை. பெனடிக்ட் அப்படியே திரும்பி, ரோட்டைத் தாண்டி, எதிர் டீக்கடையில் இரண்டு உளுந்தவடை சாப்பிட்டார். வடை தின்ற வயிற்றில் ஸ்கேன் எடுக்கக் கூடாது என்பது மருத்துவ விதி. விதியை மதிக்கிறவர் பெனடிக்ட். வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்றைக்கு ஜூடு மஸ்கட் கம்பெனியின் கடிதத்தோடு ஹாலில் உட்கார்ந்திருந்தான். பார்த்த வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ரிப்போர்ட் என்ன ஆச்சு என்று கேட்டான். நல்லாயிருக்காம் என்று பெனடிக்ட் சொன்னார். மாலையில் பேனாவை எடுத்துக் கட்டத்தை நிரப்பினார். 5.8, 5.5 என்று இறங்கிவந்த எண்ணுக்கு அடுத்தது 5.2 என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, வெளியில் எடுத்துவிட்டேன் என்றார். விக்டோரியாவிடம் ஆஸ்பத்திரியிலேயே எடுத்ததாகச் சொல்லியிருந்தார். இரண்டு பொய்யும் ஒன்றையொன்று சந்திக்கிற நாள் வரும் என்று அவர் யோசிக்கவில்லை.

மகனுக்காகத்தான் செய்தேன் என்று பிற்பாடு மனசுக்குள் சொல்லிக்கொண்டார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் முதலில் வந்தது பயம், அப்புறம் வடை, மகன் மூன்றாவதாகத்தான் வந்தான். வரிசையை மறைக்க அவராலேயே முடியவில்லை.

கிளம்பும்போது தம்பி சவரியப்பன் ஆனையூரிலிருந்து போன் பண்ணினார். அறுபத்து நாலு வயது, மனைவியை இழந்தவர், தனியாக இருக்கிறார். முதல் இரண்டு ஸ்கேனுக்கும் துணைக்கு வந்து, வராண்டாவில் நின்று பீடி பிடித்துவிட்டுப் போனவர். இன்றைக்கு வர முடியாது என்றார். நேற்றிலிருந்து இடுப்பு பிடித்துக்கொண்டதாம். முதுகிலிருந்து வயிறு வரை இழுக்கிறதாம். கேஸ் சிலிண்டரைத் தூக்கினதில் வந்திருக்கும், தைலம் தேய்த்துப் படுக்கிறேன் என்றார்.

"ஸ்கேன் எனக்கு, வலி உனக்கா?" என்றார் பெனடிக்ட்.

"நீங்க போயிட்டு வாங்கண்ணே. நான் கெடக்கேன்."

காரில் போகும்போது ஜூடு தன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான். எரிவாயு போகிற பெரிய பைப்புகளின் கனம் தேய்ந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கிற பிரிவுக்கு அவன் மேற்பார்வையாளர். போன மாதம் ஓர் ஆளை ஊருக்கு அனுப்பிவிட்டானாம். ஆறு மாதமாக அளக்காமலே அளவு எழுதி வந்திருக்கிறான்.

பெனடிக்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவன் எந்த ஊர்க்காரன் என்று கேட்டார்.

"ஊரு எதுக்குப்பா? அளவு எல்லாம் அம்புட்டு அழகா எறங்கி வந்துச்சு. நெசமான அளவு அப்படி வராது. அத வச்சுத்தான் பிடிச்சேன்."

ஆஸ்பத்திரி வரும் வரை பெனடிக்ட் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தார்.

ஸ்கேன் அறையில் கையில் ஊசி குத்தி, குழாய் மாட்டி, மருந்தை உள்ளே விட்டார்கள். தொண்டையில் ஆரம்பித்து இடுப்புக்குக் கீழே வரை வெந்நீர் ஊற்றினாற்போல ஒரு சூடு இறங்கியது. முதல் தடவை இந்தச் சூட்டில், படுக்கையை நனைத்துவிட்டோம் என்றே நம்பி டெக்னீஷியனிடம் மன்னிப்புக் கேட்டவர் அவர். மூச்சை இழு, அடக்கு, விடு என்று இயந்திரம் உத்தரவு போட்டது. அடக்கச் சொன்னபோது சுலபமாக அடக்கினார். விடச் சொன்னபோதுதான் வரவில்லை.

டாக்டர் இரண்டு மணிக்குப் பார்ப்பார் என்றார்கள். காத்திருக்கும் இடத்தில் நாற்காலிகள் காலியாக இருந்தும் பெனடிக்ட் உட்காரவில்லை. தண்ணீர் மெஷின் வரை நடந்தார், மருந்துக்கடை வரை நடந்தார், சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைக் கடைசியாகச் சோதித்த தேதியைப் படித்தார். போன மாதத் தேதி. சோதித்திருப்பார்களா என்ற சந்தேகம் வந்தது.

"அண்ணே, பெனடிக்ட் அண்ணே."

கொட்டாம்பட்டி சின்னச்சாமி. அதே வாரம், அதே வார்டு, அதே ஆபரேஷன். பக்கத்துக் கட்டிலில் கிடந்து, எந்தத் தொடையில் வலி அதிகம் என்று இருவரும் போட்டி போட்டவர்கள். தோட்டத்தில் வேலை செய்கிற ஆள். இப்போது கன்னத்தில் சதை வைத்து, பார்க்க நன்றாக இருந்தார்.

போன வருஷ ஸ்கேனில் அவருக்குக் கசிவு கண்டுபிடித்தார்களாம். சின்னக் குழாய் ஒன்றை உள்ளே விட்டு அடைத்தார்களாம். இரண்டு நாள் படுக்கை. இன்றைக்குப் பார்த்தால் வீக்கம் 4.9க்கு இறங்கியிருக்கிறது. அதை விக்டோரியாவுக்கும் ஜூடுக்கும் விளக்கவும் செய்தார்.

"பழைய பைப்புக்குள்ள புதுப் பைப்பச் சொருகியிருக்காக. ரெண்டுக்கும் நடுவுல சொட்டுச் சொட்டா எறங்குனா, பழசு ஒருநா விரிசல் விட்டுரும்ல? நம்ம தோட்டத்துல பாக்காததா. அதான் தேதி தவறாம வந்துர்றது."

பிறகு பெனடிக்ட்டின் தோளைத் தட்டினார்.

"போன வருசம் உங்களத்தாண்ணே காணோம். ரெண்டு நாளும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

"வெளியில எடுத்தேன் மாப்ள," என்றார் பெனடிக்ட், தண்ணீர் மெஷினைப் பார்த்துக்கொண்டு.

விக்டோரியா மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். முப்பத்தோரு வருஷத்தில், கேட்கவேண்டிய கேள்வியைத் தள்ளிவைக்கவும் அவள் பழகியிருந்தாள்.

டாக்டர் நாகஜோதிக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி வைத்தார். கறுப்பு வெள்ளையில் பெனடிக்ட்டின் நடு வயிறு. உள்ளே போட்ட குழாய் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு வெளியே, இருட்டாக இருக்கவேண்டிய இடத்தில், பின்பக்கமாக ஒரு கீற்று வெளிச்சம்.

"கசிவு இருக்கு. வீக்கம் ஆறு சென்டிமீட்டர்."

அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"போன வருஷம் 5.2. ஒரே வருஷத்துல எட்டு மில்லிமீட்டர் ஏறியிருக்கு. இவ்வளவு வேகம்னா, பக்கவாட்டுக் குழாய்ல வர்ற சாதாரணக் கசிவா எனக்குத் தோணல. நாம வச்ச குழாயே மேல நழுவியிருக்கோன்னு பாக்கணும். இன்னைக்கே அட்மிட் ஆகிருங்க. உள்ள குழாய் விட்டுப் பாப்போம், தேவைப்பட்டா இன்னொரு ஸ்டென்ட். வெளியில எடுத்த ஸ்கேன் ஃபிலிம் இருக்கா? அதையும் இதையும் வச்சுப் பாத்தா தெளிவாயிரும்."

ஜூடு போனை எடுத்துவிட்டான். மூன்று வருஷ ஒப்பந்தத்துக்கு முடியாது என்று பதில் எழுத அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. எழுத ஆரம்பித்துவிட்டதை அவன் கட்டை விரல் காட்டியது.

விக்டோரியா குனிந்து டாக்டர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். அந்த 5. அந்த 2. வாத்துக் கழுத்து மாதிரி வளைந்து, அடியில் ஒரு சுழி போட்டு முடிகிற 2. நாற்பத்து மூன்று வருஷம் பலசரக்குச் சீட்டிலும் பால்கார அட்டையிலும் அவள் பார்த்த 2. பேனாவை மாற்றியவர் கையை மாற்ற மறந்திருந்தார்.

அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. பக்கத்துப் பிள்ளையின் ரப்பரை எடுத்த பிள்ளை தானாகச் சொல்லட்டும் என்று மூன்றாம் வகுப்பில் அவள் காத்திருக்கிற முகம் அது. அந்த முகத்துக்கு முன்னால் பள்ளியில் யாரும் பீரியட் முடியும் வரை தாங்கியதில்லை.

பெனடிக்ட் தாங்கிப் பார்த்தார். சொல்லாமல் இருந்தால் ஒரு ஆபரேஷன், படுத்துக்கொள்ளலாம். ஜூடு இங்கேயே இருந்துவிடுவான். அதில் ஒரு மூலையில் சந்தோஷம்கூட இருந்தது, அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. சொன்னால், காரில் கேட்ட கதையில் ஊருக்கு அனுப்பப்பட்ட ஆள் அவராகிவிடுவார்.

"டாக்டரம்மா, அந்த 5.2 நான் எழுதுனது."

டாக்டர் அட்டையிலிருந்து நிமிர்ந்தார்.

"நான் ஸ்கேன் எடுக்கல. இங்கயும் எடுக்கல, வெளியிலயும் எடுக்கல. எதுத்த கடையில வடை தின்னுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்." வடையைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் உண்மை என்று ஆரம்பித்தபின் எதை விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவர் திரும்பித் திரையில் ஆறாம் மாதத்துப் படத்தை எடுத்து, இன்றைய படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அளந்து, நிறைய நேரம் பார்த்தார். பிறகு சொன்னார். அப்படியென்றால் பதினெட்டு மாதத்தில் ஐந்து மில்லிமீட்டர். குழாய் நழுவவில்லை, இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பின்பக்கச் சின்னக் குழாய் ஒன்றிலிருந்து வருகிற கசிவு போலத்தான் இருக்கிறது. விட்டுவைக்கக் கூடாது, ஆனால் இன்றைக்கே கட்டிலில் ஏற்ற வேண்டியதும் இல்லை. நாள் குறித்து நிதானமாக அடைக்கலாம்.

"ஆனா இது எப்ப ஆரம்பிச்சுச்சுன்னு எனக்குத் தெரியாது. போன வருஷம் இவ்வளவு வளர விடாம அடைச்சிருக்கலாமோ என்னவோ. அந்தக் கட்டம் காலியா இருந்திருந்தா, தெரியலன்னாவது எனக்குத் தெரிஞ்சிருக்கும் சார்."

பேனாவை எடுத்து 5.2ன் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் 'எடுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் வைத்தார். பெனடிக்ட் பார்த்துக்கொண்டே இருந்தார். அடித்துத் திருத்திய கட்டத்தோடு ஒரு பதிவேட்டை அவர் ஆயுசில் வெளியே விட்டதில்லை.

ஜூடு போனை மேஜையில் கவிழ்த்து வைத்தான். போன வருஷம் எந்த ரிப்போர்ட்டை நம்பி விமானம் ஏறினான் என்பது அவனுக்கு இப்போதுதான் முழுசாக உறைத்திருக்க வேண்டும். குரலை உயர்த்தவில்லை. வேலையில் கேட்கிற மாதிரியே கேட்டான்.

"வேற எந்தக் கட்டத்தப்பா நிரப்புனீங்க?"

"அம்புட்டுத்தான்டா. அது ஒண்ணுதான்."

டாக்டர் அட்டையை மூடி நீட்டினார். வாங்கும்போது அதன் பின்பக்கம் மேலே வந்தது. அங்கே மூன்று கேள்விகள் அச்சடித்திருந்தன. புகை பிடிப்பவரா? ரத்த அழுத்த மாத்திரை தவறாமல் எடுக்கிறீர்களா? மூன்றாவது கேள்வியைப் பெனடிக்ட் எழுத்தெழுத்தாக வாசித்தார், முதல் தடவை பார்ப்பவர் மாதிரி.

இந்த நோய் குடும்பத்தில் வரக்கூடியது. உடன்பிறந்தவர்களுக்கு வயிற்று ஸ்கேன் பார்த்தாயிற்றா?

'ஆம்' என்ற இடத்தில் நீல மையில் அழகாக ஒரு டிக்.

கட்டம் காலியாக இருந்தது, போட்டுவிட்டார். சவரியப்பனிடம் கேட்கவேயில்லை. கேட்டால் அவர் பீடியை மறைத்துக்கொண்டு சிரித்திருப்பார்.

முதுகிலிருந்து வயிறு வரை இழுக்கிறது. நேற்றிலிருந்து.

"டீச்சர்," என்றார். அட்டையை அவள் பக்கம் நீட்டினார். "டீச்சர், சவரிக்கு ஒரு போன் போடு."

விக்டோரியா அட்டையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், பைக்குள் கையை விட்டாள். தம்பிக்கு நேற்றிலிருந்து முதுகில் வலி என்று பெனடிக்ட் சொன்னதுமே டாக்டர் நாகஜோதி நாற்காலியிலிருந்து எழுந்தார். வெடிக்கப்போகிற வீக்கமும் அப்படித்தான் இழுக்கும், ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்கிறேன், வீட்டு முகவரி சொல்லுங்கள் என்று மேஜை போனை எடுத்தார். அப்பாமேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜூடு கார் சாவியை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனான். ஆனையூர்த் தெருப் பெயரைப் பெனடிக்ட் பிசகாமல் சொன்னார். கதவு எண்ணில் வந்த 2, வாய்க்குள் ஒரு நொடி நின்று வந்தது.

விக்டோரியாவின் போனில், சவரியப்பன் வைத்திருந்த மாதா பாட்டு ஒலித்தது. முதல் அடி முடிந்தது. இரண்டாவது அடி ஆரம்பித்தது.

யாரும் எடுக்கவில்லை.